நீர்மூழ்கிக் கப்பலில் துரு சுரண்டிய கதை

2019-ல் சான்பிரான்சிஸ்கோவில் உள்ள மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு மாதத்திலேயே பொழுது போகவில்லை. அங்கே 45-ஆம் எண் துறைமேடையில் 'யு.எஸ்.எஸ். பம்பனிட்டோ' என்ற இரண்டாம் உலகப்போர் காலத்து நீர்மூழ்கிக் கப்பலை 1982 முதல் அருங்காட்சியகமாக வைத்திருந்தார்கள். அதைப் பழுதுபார்ப்பதில் ஊதியமில்லாத் தொண்டர்கள் பலர் உதவுகிறார்கள் என்று அறிந்ததும் நானும் பெயர் கொடுத்தேன். ரயில்வே டீசல் ஷெட்டில் முப்பது ஆண்டு உழைத்தவன் என்றேன். கையில் ஒரு கம்பித் தூரிகையைக் கொடுத்துத் துரு சுரண்டச் சொன்னார்கள்!

சில வாரங்களில் எஞ்சின் அறைக்குள் விட்டார்கள். பிறந்த வீட்டுக்கு வந்தது போல் இருந்தது. நம் டீசல் ரயில் எஞ்சினில் டீசல் நேராகச் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. அது ஜெனரேட்டரைச் சுற்றும். அந்த மின்சாரத்தில் மோட்டார் ஓடும். பம்பனிட்டோவிலும் அதே ஏற்பாடுதான். நீருக்கடியில் டீசலுக்குக் காற்று கிடையாது. ஆகையால் மேலே மிதக்கும்போதே இரண்டு தொகுதிகளாக உள்ள 252 பாட்டரி செல்களில் மின்சாரத்தைச் சேர்த்துக்கொண்டு, மூழ்கியபின் அதைக் கொண்டு ஓட வேண்டும்.

நான்கு பெரிய எஞ்சின்கள். ஒவ்வொன்றிலும் பத்து சிலிண்டர், இருபது பிஸ்டன்! ஒரே சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிரே வந்து நடுவில் காற்றை அழுத்தும். சிலிண்டர் ஹெட் என்பதே இல்லை. ஹெட் கழற்றியே முதுகு ஒடிந்த எனக்கு அதைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

"இனிக் கடலுக்குப் போகாத கப்பலுக்கு எஞ்சின் ஏன் ஓட வேண்டும்?" என்று மூத்த தொண்டர் ஒருவரைக் கேட்டேன். "ஓட்டாமல் வைத்தால் துரு தின்றுவிடும். ஓட்டினால்தான் அடுத்தவன் கற்றுக்கொள்வான்" என்றார்.

கப்பலின் வரலாற்றையும் அவரே சொன்னார். 1944 செப்டம்பர் 12 அன்று சிங்கப்பூரிலிருந்து ஜப்பான் சென்ற கப்பல் கூட்டத்தை அமெரிக்க நீர்மூழ்கிகள் தாக்கின. மூழ்கியவற்றில் இரண்டில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள் அடைபட்டிருந்தது தாக்கியவர்களுக்குத் தெரியாது. அந்த இரண்டில் ஒன்றை மூழ்கடித்தது பம்பனிட்டோவே. மூன்று நாள் கழித்து அவ்வழியே திரும்பியபோது, எண்ணெய் படிந்த உடலோடு கட்டைகளைப் பற்றி மிதந்தவர்களைக் கண்டு 73 பேரைத் தூக்கி ஏற்றினார்கள்.

அந்தக் கைதிகள் சயாம்–பர்மா ரயில் பாதை போட்டவர்கள் என்று அவர் சொன்னபோது என் கைத் தூரிகை நின்றுவிட்டது. 1942–43-ல் 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்ட அந்தப் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் தமிழர்களும் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். வாழ்நாளெல்லாம் ரயில்வேயில் இருந்தும், அந்த மக்களைப் பற்றி நான் ஒருநாளும் சிந்தித்ததில்லை. கடலில் மிதந்தவர்களின் கதையைச் சொல்ல ஒரு கப்பலாவது இருக்கிறது. தண்டவாளத்தோரம் புதைந்த நம்மவர் கதையை யார் சொல்வது?

நம் சங்கத்திலும் மலாயா, பர்மா போய்வந்த முன்னோர்களைக் கொண்ட குடும்பங்கள் இருக்கலாம். அன்பர்களே, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். துரு இரும்பை மட்டும் தின்பதில்லை.