‘எக்ஸ்ட்ரீம்’: ஓரத்தைச் சுட்டும் ஒரு சொல்

நாள்தோறும் நம் செவியில் விழும் ஆங்கிலச் சொற்களுள் ‘எக்ஸ்ட்ரீம்’ என்பதும் ஒன்று. வானிலை அறிவிப்பிலும் அரசியல் மேடையிலும் அது பயின்று வருகிறது. ஆயினும் இவ்விரு இடங்களிலும் அது ஒரே தன்மையில் வழங்குவதில்லை. இவ்வேறுபாட்டை அறிவது மொழி கற்போர்க்கு மட்டுமன்றி, அச்சொல்லால் சுட்டப்படுவோர்க்கும் இன்றியமையாதது.

லத்தீன் மொழியில் ‘எக்ஸ்டெர்’ என்பது வெளியே உள்ளதைக் குறிக்கும். அதன் உச்சப்படி வடிவமே ‘எக்ஸ்ட்ரேமுஸ்’. அனைத்திற்கும் வெளியே, கடைசி ஓரத்தில் இருப்பது என்பது பொருள். தெருக்கோடி, கடைக்கோடி என்னும் வழக்குகளில் வரும் ‘கோடி’ இதற்கு அணுக்கமானது. இச்சொல்லில் இயல்பாகப் பழியுமில்லை, புகழுமில்லை. 2:3 = 4:6 என்னும் விகித சமத்தில் இரு கோடியிலும் நிற்கும் 2, 6 ஆகிய எண்களைக் கணித நூலார் ‘எக்ஸ்ட்ரீம்ஸ்’ என்றே அழைப்பர்.

நீலகிரியில், உதகையை ஒட்டிய பெர்ன்ஹில் போன்ற மலைப்பகுதிகளில் வாழ்வோர்க்கு இச்சொல் உயிரோடு தொடர்புடையது. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் பெய்வது கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4 மில்லிமீட்டரைத் தாண்டினால் ‘எக்ஸ்ட்ரீம்லி ஹெவி’, அதாவது அதி கனமழை என இந்திய வானிலை ஆய்வுத் துறை வகுத்துள்ளது. 2019 ஆகஸ்டில் அம்மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்தது. இங்கு அளவுகோல் முன்னரே வகுக்கப்பட்டிருக்கிறது. எவர் அளந்தாலும் எல்லை ஒன்றே. எனவேதான் அவ்வறிவிப்பை நம்பி மக்கள் பாதுகாப்பான இடம் நாடுகின்றனர்.

மனிதரைக் குறிக்கும்போது இந்த அளவுகோல் மறைந்துவிடுகிறது. சுயராஜ்யம் கோரிய திலகர் அணியினரை ‘எக்ஸ்ட்ரீமிஸ்ட்’ என்றனர். 1907 ஜனவரியில் கல்கத்தாவில் பேசிய திலகர், இப்பெயர்கள் காலத்தைச் சார்ந்தவை என்றும், இன்றைய தீவிரவாதிகள் நாளைய மிதவாதிகள் ஆவர் என்றும் விளக்கினார். அவ்வாண்டு டிசம்பரில் சூரத்தில் காங்கிரஸ் பிளவுற்றபோது வ.உ.சி.யும் பாரதியும் திலகர் பக்கமே நின்றனர். 1929இல் லாகூர் மாநாட்டில் முழு விடுதலையே காங்கிரஸின் இலட்சியமாயிற்று. ஓரம் எனப்பட்டது நடுவாகிவிட்டது!

தமிழாக்கத்தில் மற்றொரு மாற்றமும் நேர்ந்தது. ஆங்கிலச் சொல் நிற்கும் இடத்தைக் காட்டுகிறது. ‘தீவிரம்’ என்பதோ முனைப்பைக் காட்டுகிறது. தீவிர சிகிச்சை, தீவிர முயற்சி எனப் போற்றிப் பேசுகிறோம். ஆனால் ஓர் இளைஞன் மார்க்கக் கடமைகளில் தீவிரமாக ஈடுபட்டால் அதே சொல் ஐயத்தைக் கிளப்புகிறது. முனைப்பு வேறு, எல்லை மீறல் வேறு என்பதை அச்சொல் பிரித்துக் காட்டுவதில்லை.

அரபு மொழி இதனை நுட்பமாகப் பிரிக்கிறது. ஓரம் எனப் பொருள்படும் ‘தரஃப்’ என்பதிலிருந்து ‘ததர்ருஃப்’ பிறந்தது. எல்லை மீறுதல் ‘குலுவ்’ எனப்படும். விலையேற்றத்தைக் குறிக்கும் சொல்லும் அதே வேரினது. மார்க்கத்தில் வரம்பு மீறுவதைத் திருக்குர்ஆன் (4:171, 5:77) விலக்குகிறது. நம்மை நடுநிலைச் சமுதாயம் என்கிறது (2:143). அறநூலாரோ மிகைப்படுத்தலை ‘இஃப்ராத்’ என்றும், குறைவுபடுத்தலை ‘தஃப்ரீத்’ என்றும் கூறுவர். கோடிகள் இரண்டு என்பதே இதன் கருத்து. கடமையை அலட்சியம் செய்வதும் ஒரு கோடிதான். அதனை எவரும் ‘எக்ஸ்ட்ரீம்’ என்பதில்லை.

ஆகவே, ஒருவர்மீது இச்சொல் ஏவப்படும்போது, எந்த எல்லை, அதை வகுத்தவர் யார், எந்தச் செயலால் அது மீறப்பட்டது என வினவுதல் வேண்டும். விடை கிடைக்குமாயின் சொல்லை ஏற்போம். எல்லை மீறியவர் நம்மவரே ஆயினும் அதனை மறுக்கலாகாது. விடை இல்லையெனில், அது வெறும் வசையே. நாமும் பிறர்மீது அதனை வீசுமுன் இதே வினாக்களை எழுப்பிக்கொள்வது நீதியாகும்.