சட்டைப்பையில் பாட்டுப்பெட்டி, காதுக்கு யார் காவல்?



மைசூரில் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் மாலை வேளையைச் சற்றே உங்கள் கண்முன் நிறுத்திப் பாருங்கள். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் வேலை முடித்துத் திரும்பிய தகப்பனார் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். அவருடைய இரு காதுகளிலும் இயர்போன். கல்லூரிக்குச் செல்லும் மகன் புத்தகத்தை விரித்து வைத்திருக்கிறான். அவன் காதிலும் அதே கருவி. மகள் ஜன்னலோரத்தில் அமர்ந்து, மற்றவர் யாருக்கும் கேளாத ஒரு பாடலுக்குத் தலையசைத்துக் கொண்டிருக்கிறாள். சமையலறையிலிருந்து தாய் சாப்பிட அழைக்கிறார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடியும் அழைக்கிறார். மூன்றாம் முறை அவருடைய குரலில் கோபம் ஏறிவிடுகிறது: "காது கேட்கவில்லையா?"

அந்தக் கேள்வியைக் கோபமின்றி, உண்மையாகவே உங்களிடம் கேட்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம். உங்களுக்குக் காது கேட்கிறதா? இன்னும் பத்து ஆண்டுகள் கழித்தும் கேட்குமா?

ஒரு வீட்டு வானொலியிலிருந்து ஒரு காது வரை

நாம் பிழைக்க வந்திருக்கும் இந்த மைசூருக்கும் ஒலிக்கும் பழைய உறவு உண்டு. மனோதத்துவப் பேராசிரியரான எம்.வி. கோபாலசாமி, 1935ஆம் ஆண்டில் ஒண்டிகொப்பலிலிருந்த தம்முடைய வீட்டிலேயே ஒரு சிறிய வானொலி நிலையத்தைத் தொடங்கினார். பின்னாளில் நாடெங்கும் வழங்கலான 'ஆகாசவாணி' என்ற பெயர் அந்த நிலையத்துக்கு அப்போதே சூட்டப்பட்டிருந்தது. அக்காலத்தில் ஒரு வீட்டில் வானொலிப் பெட்டி இருந்தால் அண்டை வீட்டாரும் வந்து கூடிக் கேட்டார்கள். ஒரே ஒலி, பல செவிகள்.

1979ஆம் ஆண்டு ஜப்பானில் சோனி நிறுவனம் வாக்மேனை வெளியிட்டபோது இந்த வழக்கம் மாறத் தொடங்கியது. பாட்டு, ஒருவருடைய காதுக்கு மட்டும் உரியதாயிற்று. 1998இல் தென் கொரியாவிலிருந்து எம்பிமேன் என்னும் கருவி வந்தது. கேசட்டும் இல்லை, சுழலும் தட்டும் இல்லை. நினைவகச் சில்லு ஒன்றிலேயே பாடல்கள் பதிவாகியிருந்தன. 2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் ஐபாடை அறிமுகம் செய்தது. 2005இல் வந்த ஐபாட் ஷஃபிளின் எடை வெறும் 22 கிராம். அதன் பெரிய வகையில் ஏறத்தாழ 240 பாடல்கள் அடங்கின. அதே ஆண்டில் ஐபாட் நானோவும் வந்தது. அவற்றைத் தொடர்ந்து, பெயர் பெற்றதும் பெறாததுமான எத்தனையோ சிறு எம்பி3 பிளேயர்கள் நம் கடைவீதிகளுக்கும் வந்து சேர்ந்தன.

இத்தனை பாடல்கள் இத்துணை சிறிய பெட்டிக்குள் அடங்கியது எப்படி? உரத்த ஓர் ஒலி எழும்போது, அதனருகே எழும் மெல்லிய ஒலியை நம் காது உணர்வதில்லை. அவ்வாறு நம்மால் உணர முடியாதவற்றை விலக்கிவிட்டு, எஞ்சியதை மட்டும் எழுதி வைப்பதே எம்பி3 முறை. குறுந்தகட்டில் சுமார் 40 எம்பி இடம் பிடிக்கும் நான்கு நிமிடப் பாடல், இம்முறையில் சுமார் 4 எம்பிக்குள் அடங்கிவிடும்.

உடையவர்கள் கண்ட நன்மை

இந்தச் சிறு கருவியால் நன்மை இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. சொந்த ஊரை விட்டு வந்தவர்களுக்கு அதன் அருமை நன்றாகத் தெரியும். மைசூரிலிருந்து தூத்துக்குடி செல்லும் ரயிலில் மாலையில் ஏறினால், ஓர் இரவு முழுவதும் கடந்து மறுநாள்தான் ஊர் போய்ச் சேருகிறோம். அந்த நெடும் பயணத்தில் நாடா சிக்கிக்கொள்ளும் கவலையின்றி, பேட்டரி மாற்றும் தொல்லையின்றித் தாய்மொழிப் பாடல்களைக் கேட்டுக்கொண்டே செல்ல முடிந்தது. வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமுமாக வளரும் நம் பிள்ளைகள், பாட்டி பாடிய பாடலை அவருடைய குரலிலேயே பதிந்து வைத்துக் கேட்டார்கள். இரவு வேலை முடித்து வந்தவர், உறங்கும் பிள்ளைகளை எழுப்பாமல் ஒரு செய்தியைக் கேட்டுவிட்டுப் படுத்தார். இவையெல்லாம் மெய்யான நன்மைகள்.

ஆனாலும், வைத்திருந்தவர்கள் சில பாடங்களையும் கற்றுக்கொண்டார்கள். முதலாவது பாடம் பேட்டரி. இக்கருவிகளுக்குள் இருக்கும் லித்தியம் பேட்டரிக்கு ஆயுள் குறைவு. 400 முறை முழுமையாகச் சார்ஜ் செய்த பிறகு ஆரம்பத் திறனில் 80 சதவீதம் வரை எஞ்சும் என்பது ஐபாடைப் பற்றி ஆப்பிள் நிறுவனமே சொன்ன கணக்கு. பல மாதங்கள் மேசை இழுப்பறையில் முற்றிலும் தீர்ந்த நிலையில் கிடந்தால் பேட்டரி மீண்டும் எழும்பாமலே போகலாம். முதல் தலைமுறை ஐபாட் நானோவின் பேட்டரி அரிதாக அளவுக்கு மீறிச் சூடேறக் கூடும் என்று அறிவித்து, 2011 நவம்பரில் அந்நிறுவனம் அவற்றை மாற்றித் தர முன்வந்தது. உங்கள் வீட்டில் பழைய கருவி ஏதேனும் இருந்து, அதன் முதுகு உப்பியிருந்தால் அதைச் சார்ஜ் செய்யாதீர்கள். குத்தித் திறக்கவும் முயலாதீர்கள். மின்னணுக் கழிவைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

இரண்டாவது பாடம், ஒரே பிரதியை நம்பக்கூடாது என்பது. மறைந்த தகப்பனாரின் குரலையோ குழந்தையின் முதல் மழலையையோ அந்த ஒரே பெட்டியில் மட்டும் வைத்திருந்தவர்கள், அது பழுதானபோது கலங்கி நின்றார்கள். ஆப்பிள் நிறுவனம் நானோ, ஷஃபிள் ஆகியவற்றின் விற்பனையை 2017 ஜூலையில் நிறுத்திவிட்டது. கடைசியாக எஞ்சிய ஐபாட் டச்சையும் 2022 மே மாதத்தில் கைவிட்டது. ஆகவே பழைய கருவியில் அருமையான பதிவுகள் இருந்தால், அது இயங்கும்போதே கணினியிலும் மெமரி கார்டிலுமாக இரு பிரதிகள் எடுத்து வையுங்கள்.

பேட்டரி போனால் வேறு வாங்கலாம். பிரதி இருந்தால் பாடலையும் மீட்கலாம். மூன்றாவது பாடம் அப்படிப்பட்டதல்ல. அது காதைப் பற்றியது.

காதுக்குள் நடப்பது என்ன?

நம் ஒவ்வொரு செவியின் உட்புறத்திலும் நத்தை ஓட்டைப் போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் சுமார் 15,000 நுண்ணிய செல்கள் மயிர் போன்ற முனைகளுடன் வரிசையாக நிற்கின்றன. ஒலி வரும்போது அந்த முனைகள் அசைகின்றன. அந்த அசைவே நரம்பின் வழியாக மூளைக்குச் சென்று பாட்டாகவும் பேச்சாகவும் விளங்குகிறது. பயிரின் மேல் காற்று வீசுவதுபோல மெல்லிய ஒலி அவற்றை வளைத்துவிட்டுப் போகிறது, அவை நிமிர்ந்துவிடும். பலத்த ஒலி, புயலைப் போல அவற்றைச் சாய்த்துவிடுகிறது. சிலமுறை சாய்ந்தால் எழும்பும். அடிக்கடி சாய்ந்தால் செத்துப்போகும். மனிதனுக்கு அந்தச் செல்கள் மறுபடி முளைப்பதில்லை.

இந்த இழப்பு ஓசையின்றி வருவதுதான் இதிலுள்ள ஆபத்து. முதலில் உயர்ந்த சுருதிகளே மங்குகின்றன. ச, ஸ, ப போன்ற மெல்லிய மெய்யொலிகள் நழுவிப் போகின்றன. "அவர் பேசுவது கேட்கிறது, ஆனால் என்ன சொல்கிறார் என்று விளங்கவில்லை" என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால், அதை அலட்சியம் செய்யக்கூடாது. மனைவியின் குரலும் சிறு பிள்ளையின் குரலுமே பலருக்கு முதலில் தெளிவிழக்கின்றன என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு ஒன்று இதை ஆராய்ந்து எச்சரித்தது. தனிப்பட்ட இசைக் கருவிகளை ஐந்தாண்டுகளுக்கு மேலாகத் தினமும் ஒரு மணி நேரத்துக்கு அதிகமாக உரத்த ஒலியில் கேட்பவர்களில் 5 முதல் 10 சதவீதத்தினர் நிரந்தரமான செவித்திறன் இழப்புக்கு உள்ளாகக் கூடும் என்று அது கூறியது. 2015இல் உலக சுகாதார நிறுவனம், பாதுகாப்பற்ற முறையில் ஒலியைக் கேட்பதனால் உலகில் 110 கோடி இளையோர் ஆபத்தில் இருப்பதாக அறிவித்தது.

அந்நிறுவனம் தரும் கணக்கு எளிமையானது. பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். ஒலி 3 டெசிபல் கூடினாலே நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 90 டெசிபல் என்றால் வாரம் முழுவதற்கும் 4 மணி நேரம். 95 டெசிபல் என்றால் ஒன்றேகால் மணி நேரம். சிறுவர்களுக்கு 75 டெசிபலே எல்லை.

சத்தத்தை வெல்லச் சத்தம்

நீங்கள் கேட்கலாம்: "நான் ஒன்றும் அவ்வளவு சத்தமாக வைப்பதில்லையே?" வீட்டில் வைப்பதில்லை, உண்மைதான். ஆனால் ரயிலில்? பேருந்தில்? சக்கரங்களின் ஓசையும் ஜன்னல் காற்றும் பாடலை மூடும்போது உங்கள் விரல் தானாகவே ஒலியைக் கூட்டுகிறது. வெளிச்சத்தத்தை வெல்ல உள்ளே ஒரு பெருஞ்சத்தத்தை ஊற்றுகிறோம். இரைச்சலுக்குப் பழகிய காதுக்கு அது உரத்ததாகவே தோன்றுவதில்லை. கருவி நம் காதுக்குள் அமர்ந்திருப்பதால் பக்கத்து இருக்கைக்காரரும் நம்மை எச்சரிக்க மாட்டார். அன்று கேசட் ரெக்கார்டரைச் சத்தமாக வைத்தால் "குறையுங்கள்" என்று சொல்ல வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள். இன்று அந்தக் காவல் இல்லை.

நம்மைப் போன்ற உழைக்கும் குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியம். நஞ்சன்கூட்டிலும் மேட்டகள்ளியிலும் எட்டு மணி நேரம் இயந்திர ஓசையில் நின்றவருடைய காது ஏற்கெனவே களைத்திருக்கிறது. அதன்பின் பேருந்தில் இயர்போன். ஞாயிற்றுக்கிழமையில் ஒலிபெருக்கிக்கு அருகிலேயே இருக்கை. ஆலையின் சத்தம், பாட்டின் சத்தம், ஆராதனையின் சத்தம் என்று காது பிரித்துக் கணக்கு வைப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரே ஏட்டில் எழுதுகிறது. நல்ல பாடல் என்பதற்காக 95 டெசிபல் 80 டெசிபல் ஆகிவிடாது.

என்ன செய்யலாம்?

ஒலியளவை அமைதியான அறையில் தீர்மானியுங்கள். முழு அளவில் 60 சதவீதத்தைத் தாண்டாதீர்கள். பெரும்பாலான கருவிகளில் உச்ச அளவைக் கட்டுப்படுத்தும் வசதி உண்டு. பிள்ளைகளுடைய கருவிகளில் அதை நீங்களே அமைத்துக் கொடுங்கள். காதோடு நன்றாகப் பொருந்தும் இயர்போன், வெளி இரைச்சலைத் தடுப்பதால் குறைந்த ஒலியே போதுமானதாகிறது. ஆனால் சாலையிலும் தண்டவாளத்தருகிலும் காதை அடைத்துக்கொண்டு நடக்காதீர்கள். ஒரு மணி நேரம் கேட்டால் சற்று ஓய்வு கொடுங்கள். இயர்போனைக் காதில் வைத்தபடியே உறங்காதீர்கள்.

கேட்டு முடித்த பின் காதில் இரைச்சலோ, பஞ்சு அடைத்தது போன்ற உணர்வோ இருந்தால், அது செவி விடுக்கும் முதல் எச்சரிக்கை. அடிக்கடி அப்படி நேர்ந்தால் பரிசோதனைக்குச் செல்லுங்கள். ஒரு காது திடீரென்று கேளாமற்போனால் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

இதற்காக மைசூர்வாசிகள் தொலைதூரம் அலைய வேண்டியதில்லை. 1965இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் நம் ஊரின் மானசகங்கோத்ரியிலேயே இருக்கிறது. நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் மக்கள் தேடி வரும் அந்த நிறுவனத்தின் வாசலை, இதே ஊரில் பல ஆண்டுகள் குடியிருக்கும் நம்மில் எத்தனை பேர் மிதித்திருக்கிறோம்? செவிப் பரிசோதனையில் வலியில்லை. மெல்லிய ஒலிகள் காதுக்குள் ஒலிக்கும். கேட்டவுடன் அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அருமையான வாசகரே, பாட்டுப்பெட்டியைத் தூக்கி எறியுங்கள் என்று உங்களிடம் சொல்லவில்லை. ஆண்டவர் இலவசமாகத் தந்த செவிக்கு எந்தக் கடையிலும் மாற்று உதிரிப்பாகம் கிடைக்காது என்பதையே சொல்லுகிறோம். இன்று மாலை ஒரு மணி நேரமாவது அந்தப் பாடலை ஒரு சிறு ஒலிபெருக்கியில், கூடத்தின் நடுவே, எல்லோரும் கேட்கும்படி வையுங்கள். சத்தம் அதிகமானால் குறைக்கச் சொல்லும் உரிமையை வீட்டாருக்குத் திரும்பக் கொடுங்கள். சமையலறையிலிருந்து அழைப்பு வரும்போது, முதல் அழைப்பிலேயே எழுந்து செல்லுங்கள்.