போகர் ஏழாயிரத்தில் ‘நான்’

சித்தர் நூல்களை ஆராயப் புகுவார்க்கு முதற்கண் எதிர்ப்படும் இடர் ‘நான்’ என்னும் ஒரு சொல்லேயாம். போகர் பெயரால் வழங்கும் ஏழாயிரம், காண்டத்திற்கு ஆயிரமாக ஏழு காண்டங்களால் இயன்றது. சப்தகாண்டம் எனவும் பெயர் பெறும். இரசவாதமும் மருந்தும் யோகமும் அதன்கண் விரவிக் கிடப்பினும், நூலை ஒருங்கே கட்டி நிற்பது பழஞ் சித்தர் ஒருவர் தம் வாழ்நாட் செய்திகளைத் தாமே எடுத்துரைக்கும் தற்கூற்றாகும். இதனை உள்ளவாறே கொண்டு போகர் பல்லாயிரம் ஆண்டுகட்கு முன் வாழ்ந்தார் என்பாரும் உளர். பொய்ந்நூல் என ஒதுக்குவாரும் உளர். இருவரும் ‘நான்’ என்பதற்கு ஒரே பொருள் கொண்டமையான் இடர்ப்பட்டனர் என்பது எம் கருத்து.

நூலின் போக்கினைச் சிறிது காண்பாம். போகர் குளிகையின் ஆற்றலால் வான்வழிச் செல்கின்றார். சீன நாடு புகுகின்றார். மக்கத்தையும் உரோமாபுரியையும் காண்கின்றார். செல்லுமிடமெல்லாம் பழஞ் சித்தர்தம் சமாதிகளைக் கண்டு வணங்கி நிற்ப, அவர் யோகநிலை நீங்கி, ‘நீ யார்?’ என வினவுகின்றனர். காலாங்கியின் மாணாக்கன் என்பதே விடை. அவ்விடை கேட்ட அளவில் சித்தர் மனமிரங்கித் தம் வரலாறும் மறைபொருளும் கூறுவர். இந்நிகழ்ச்சி நூலுள் மீண்டும் மீண்டும் வருதலைக் கண்டு சலிப்புறுவார் உளர். யாமும் முதற்படிப்பில் சலிப்புற்றோம். பின்னரே அச்சலிப்பிடத்திலேயே நூலின் திறவுகோல் கிடப்பதனை உணர்ந்தோம். தம்மை யார் என்று உரைக்க நேர்ந்தவிடத்துப் போகர் ஆசிரியன் பெயரையே முன்னிறுத்துகின்றார். அந்த ‘நான்’ ஒரு வழிமுறையின் பெயர்.

இனி, இந்நூல் சொல்வது பெரும்பாலும் முன்கதையாகும். திருமூலர் மூலன் என்னும் ஆயனது உடலிற் புகுந்த செய்தியைப் பன்னிரண்டாம் நூற்றாண்டினராகிய சேக்கிழார் படர்க்கையில் வைத்து உரைத்தார். சித்தர் வழிமுறையில் திருமூலர் காலாங்கியின் ஆசிரியர். காலாங்கி போகரின் ஆசிரியர். மக்கள் நன்கறிந்த ஒருவர் வரலாற்றின் முன்னும் பின்னும் இருந்த வெற்றிடங்களை, உடனிருந்தார் போலும் ஒருவர் வாயிலாக நிரப்புதலே ஏழாயிரத்தின் வேலை. பழனித் திருவுருவம் நவபாடாணத்தாற் போகர் செய்தது என்னும் வழக்கும் இவ்வகையதே. கோயிலும் உருவும் கண்முன் உள; அவை தோன்றியது எவ்வாறு என்னும் வினாவிற்கு விடையாகக் கதை பின்னோக்கி வளர்கின்றது.

இது தமிழ்க்கே உரிய புதுமையன்று. ஏறத்தாழக் கி.பி. 1200-ஐ ஒட்டி வாழ்ந்த இராபர்ட் டி போரோன் என்னும் பிரெஞ்சுப் புலவர், ஆர்தர் அரசன் பிறப்பதற்கு முந்திய செய்திகளை மெர்லின் என்னும் மாயவித்தகன் கதையாக யாத்தார். மெர்லின் கூறக் கூறப் பிளேஸ் என்னும் துறவி எழுதி வைத்தனர் என்பது அக்கதையுள் வரும் செய்தி. அங்கே பிளேஸ், இங்கே புலிப்பாணி. கதை அங்குப் படர்க்கையிற் செல்ல, இங்குத் தன்மையிற் செல்வதொன்றே வேறுபாடு. மெர்லினை வைத்து அந்நூலின் காலத்தை வரையறுப்பார் எவருமிலர்.

காலத்தைப் பற்றி நூலே போதிய சான்று தருகின்றது. நபிகளின் பெயர் வருதலின் ஏழாம் நூற்றாண்டிற்கு முற்பட்டதாதல் யாண்டும் இயலாது. ‘கேளப்பா’, ‘பாரப்பா’ என்னும் விளிகளும், பேச்சு வழக்கோடு ஒட்டி ஓடும் விருத்த நடையும் மிகப் பிற்பட்ட காலத்தையே சுட்டும். இதனை விரித்தல் வேண்டா.

விரிக்க வேண்டுவது வேறொன்று. கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவியை அடுத்துக் காலாங்கிநாதர் குகை, கோரக்கர் குகை எனப் பெயரிய குகைகள் உள. அவற்றைக் காணும் பொருட்டு மலை மீது சென்ற யாம், பெரக்கரை நாட்டில் மலையாளி முதியவர் ஒருவரோடு அளவளாவ நேர்ந்தது. குகைகளைப் பற்றி அவர் மிகுதியாகச் சொல்லவில்லை. தம் குலம் மலைக்கு வந்த வரலாற்றையே விரும்பி உரைத்தார். காஞ்சியினின்று உடன்பிறந்தார் மூவர் புறப்பட்ட அக்கதையைத் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுப்பிலும் காணலாம். எம் கருத்தைக் கவர்ந்தது கதையன்று, அவர் வினைமுற்று. ‘அவர்கள் வந்தார்கள்’ என்று ஓரிடத்தும் கூறினாரல்லர். ‘நாங்கள் வந்தோம்’ என்றே முற்றும் கூறினார். ‘ஐயா, நீங்கள் எப்போது வந்தீர்கள்?’ என்று எம்முடன் வந்த மாணவர் வினவ, முதியவர் நகைத்தார். அவர் பிறந்தது அவ்வூரிலேயே.

அம்முதியவர் பொய் கூறினார் எனல் பொருந்துமோ? படர்க்கையாரை உளப்படுத்தும் தன்மைப் பன்மையை நம் இலக்கணம் அறியும். இறந்தாரையும் உளப்படுத்தினார் அவர், அவ்வளவே. போகர் நூலில் வருவது ஒருமையாதலின் இவ்விலக்கணம் ஒன்றே அமையாது என்பார்க்கு அகப்பாட்டினைக் காட்டுவாம். குறிஞ்சிப்பாட்டு முழுவதும் தோழி கூற்று, யாத்தவர் கபிலர். கபிலரைப் பெண்பாலர் என்றோ, பிறர் குரலைத் திருடினவர் என்றோ யாரும் கூறிற்றிலர். கூற்று வேறு, யாத்தோர் வேறு என்பதனை அகத்திற்கு ஒப்புக்கொண்ட நாம், சித்தர் நூல் என்றவுடன் மறந்துவிடுகின்றோம். வேறுபாடு ஒன்றுண்டு. கபிலர் பெயர் பாட்டின் புறத்தே நின்றது. ஏழாயிரம் யாத்த மாணாக்கரோ தம் பெயரை ஆசிரியன் பெயருள் கரைத்துவிட்டனர்.

கொல்லிக் குகைகளைப் போகர் நூற்செய்திக்குச் சான்றாகக் காட்டுவார் இதனைக் கருதுதல் வேண்டும். குகையினின்று கதை பிறந்திருத்தலும் கூடும். கதை கேட்டோர் குகைக்குப் பெயரிட்டிருத்தலும் கூடும். பூதம் அமைத்ததாகச் சங்கப் புலவர் பாடிய கொல்லிப்பாவையும் இம்மலைக்கே உரியது. அதன் பெயரை இன்று ஒரு சிறுகோயில் தாங்கி நிற்கின்றது. அக்கோயிலைக் கொண்டு பூதத்தின் காலத்தை யாரும் கணிப்பதில்லை.

ஆய்வாளர்க்கு எஞ்சியுள்ள பணி, போகர் எந்நூற்றாண்டினர் எனத் தேடுதலன்று. ஏழாயிரத்தின் ஏடுகளை ஒப்புநோக்கி, எப்பகுதியின் ‘நான்’ எக்கையால் எழுதப்பட்டது எனச் சொல்லாலும் யாப்பாலும் பிரித்தறிதலேயாம். இரசவாதப் பகுதிகளின் குழூஉக்குறிகளும் செலவுப் பகுதிகளின் சொற்களும் ஒரு கையினவாக எமக்குத் தோன்றவில்லை. அவ்வேறுபாட்டினின்று ஆய்வினைத் தொடங்குதல் தகும்.