ரவுட்டர் நம்பும் எண்

ஒரு நிறுவனத்தின் கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குத் தரவு போகப் பல வழிகள் இருக்கலாம். எது நல்ல வழி என்று ரவுட்டர் எப்படி முடிவு செய்கிறது?

'ஓஎஸ்பிஎஃப்' என்ற விதிமுறை ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு 'செலவு' கணக்கிடுகிறது. பல ரவுட்டர்களில், 100ஐ இணைப்பின் வேகத்தால் (வினாடிக்கு இத்தனை மெகாபிட்) வகுத்தால் செலவு கிடைக்கும். 10 மெகாபிட் இணைப்புக்குச் செலவு 10; 100 மெகாபிட் இணைப்புக்கு 1. மொத்தச் செலவு குறைந்த வழியே தேர்வாகும். ஆகவே, 10 மெகாபிட் நேர்வழியைவிட, இரண்டு 100 மெகாபிட் இணைப்புகள் கொண்ட சுற்றுவழியே மேல். அதன் செலவு 2 மட்டுமே.

ஆனால், இந்த விதிமுறை வேகத்தை அளந்து பார்ப்பதில்லை. ரவுட்டரில் பதிவாகியுள்ள எண்ணை அப்படியே நம்புகிறது. நேர்வழிக்கு 10க்குப் பதில் 100 என்று பொறியாளர் பதிந்துவிட்டால், கம்பியின் வேகம் கூடாது. செலவு மட்டும் 1 ஆகக் குறையும். தரவு முழுவதும் அந்த மெதுவான வழியில் பாய்ந்து நெரிசலில் சிக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1,000 மெகாபிட் இணைப்புக்குச் செலவு 0.1 வரவேண்டும். செலவோ 1க்குக் கீழே போகாது. எனவே 100, 1,000 இரண்டும் ரவுட்டருக்கு ஒன்றுதான்! இதைத் தீர்க்க, வகுக்கப்படும் எண்ணான 100ஐ எல்லா ரவுட்டர்களிலும் ஒரே அளவுக்கு உயர்த்துவார்கள்.

மாணவர்களே, அந்த எண்ணை 10,000 என வைத்தால் இவ்விரு இணைப்புகளின் செலவு எவ்வளவு? கணக்கிட்டுப் பாருங்கள்.