கொண்டை ஊசி

காரவள்ளி அடிவாரத்திலிருந்து எங்கள் கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். என்னோடு ஊருக்கு வந்த ஹாஸ்டல் நண்பர்கள் பஸ்ஸில் ஒவ்வொன்றாக எண்ணினார்கள். முப்பதைத் தாண்டியதும் பாதிப்பேர் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு ஜன்னலோரம் சாய்ந்துவிட்டார்கள்! "அதென்னடா கொண்டை ஊசி?" என்று ஒருவன் கேட்டதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

கம்பியை நடுவில் 'ப' போல வளைத்தால் கொண்டை ஊசி. கால்கள் சற்றே விரிந்திருக்கும். கொண்டையில் செருகும்போது முடி அவற்றை நெருக்கும். அவை திரும்ப விரியப் பார்க்கும். அந்த ஸ்பிரிங் விசையும் உராய்வும்தான் பிடிமானம். நேராக ஏற முடியாத மலையில் சாலையை அதேபோல மடித்து மடித்து ஏற்றியதால் பெயர் அங்கேயும் ஒட்டிக்கொண்டது.

ஊசி சின்னச் சாமான்தான். தலைக்கென்றே நம்மிடம் ஒரு நகைக்கடை உண்டு. நெற்றியில் சுட்டி, வகிட்டுக்கு வலப்புறம் சூரியன், இடப்புறம் சந்திரன், பின்தலையில் வட்டமான ராக்கொடி, பின்னல் நெடுகச் சடைநாகம், நுனியில் குஞ்சலம். 'சந்திர சூரியர் உள்ளவரை' என்று கல்வெட்டில் வெட்டுவார்களே, அந்த வாழ்த்தைத்தான் தலையில் வைத்தார்களோ என்று எனக்குப் படுகிறது. இன்று இவற்றை மணப்பெண்களிடமும் பரதநாட்டிய மேடையிலும்தான் பார்க்கிறோம். நாகர்கோவில் வடசேரியில் கல் பதித்துச் செய்கிறார்கள்.

ஜப்பானில் இப்படிப்பட்ட தலையணிக்குக் 'கன்சாஷி' என்று பெயர். கியோட்டோவில் கெய்ஷாவாகப் பயிலும் பெண்கள் மாதத்துக்கு ஒரு பூ மாற்றுவார்கள். ஏப்ரல் என்றால் செர்ரிப் பூ. நமக்கோ தலைநகை என்பது ஆளுக்கே அடையாளம். அசோகவனத்தில் சீதை தன் அடையாளமாக அனுமனிடம் கொடுத்தது மோதிரமல்ல, சூடாமணி. 'சூளாமணி' என்று ஒரு காப்பியத்துக்கே பெயர் வைத்திருக்கிறோம்.

என் அம்மாயியிடம் இருந்தது ஒரே ஒரு வெள்ளிக் கொண்டை ஊசி, தலைப்பில் சின்ன இலை. நான் முதல் வருஷம் சேர்ந்தபோது அது தோட்டோடு சேர்ந்து அடகுக்கடைக்குப் போனது. வட்டி கட்ட முடியவில்லை, மூழ்கிப்போச்சு. "மசுரு கொட்டிப்போச்சு, எனக்கெதுக்கு ஊசி" என்று அம்மாயி சிரித்தது.

பொங்கல் லீவுக்கு முன் ஒர்க்‌ஷாப்பில் மிஞ்சிய எஃகுக் கம்பியை வளைத்து, முனையை அரத்தால் மழுக்கி, எமரி பேப்பர் போட்டு எடுத்துப் போனேன். அம்மாயி வாங்கிச் செருகிப் பார்த்தது. தலையை இரண்டு தரம் ஆட்டியது. பிறகு உருவி என்னிடமே நீட்டியது.

"காலக் கொஞ்சம் விரிச்சுக் குடு சாமி, வழுக்குது."