ஆறாம் வட்டாரத்து நூதனசாலை

பழம்பொருள்களைப் பேணும் இல்லத்தை நம் நாட்டிலே நெடுங்காலமாக ‘நூதனசாலை’ என்று வழங்கி வருகின்றோம். நூதனமாவது புதுமை. பழமைக்குரிய இல்லத்துக்குப் புதுமையின் பெயரா என மாணவர் வினவுவதுண்டு. தமிழகத்தார் ‘அருங்காட்சியகம்’ என்பர். சொல் அழகியதே. ஆயினும், அரிய பொருளொன்றுமின்றி எளியவற்றாலேயே அமைந்த ஓரில்லத்தின் வரலாற்றைப் படித்தபின், நம்மவர் சொல்லிலேயே எனக்குப் பற்று மிகுந்தது.

அவ்வில்லம் தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரிலுள்ளது. 1867இல் அந்நகரின் ஆறாம் வட்டாரமெனப் பெயர்பெற்ற பகுதியில், அடிமைத்தளை நீங்கியோரின் வழிவந்தோரும், மலாய் முஸ்லிம்களும், கறுப்பினத்தவரும், யூதரும், இந்தியரும் அண்டை அயலாராய்க் கலந்து வாழ்ந்தனர். 1966 பெப்ரவரி 11ஆம் நாள், நிறவெறி அரசு அதனை வெள்ளையர்க்கே உரிய பகுதியெனப் பிரகடனஞ் செய்தது. 1982 அளவில் 60,000க்கு மேற்பட்டோர் நகருக்குப் புறத்தேயுள்ள மணற்பாங்கான சமவெளிக்கு அகற்றப்பட்டுவிட்டனர். வீடுகள் தரைமட்டமாயின, தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் சிலவே எஞ்சின. வெறுமையாக்கிய நிலத்திற் பெரும்பகுதியோ குடியேறுவாரின்றிக் கிடந்தது. இடப்பெயர்வு என்னுஞ் சொல்லுக்கு ஈழத்து வாசகர்க்கு யான் உரை எழுத வேண்டியதில்லை.

1994 டிசெம்பரில், அவ்வட்டாரத்தை அடுத்திருந்த மெதடிஸ்த தேவாலயக் கட்டடமொன்றிலே, வீதிகளைப் பற்றிய கண்காட்சி ஒன்று திறக்கப்பட்டது. சில நாள்களுக்கென்றே தொடங்கினர். மக்கள் அதனை மூடவிடவில்லை. அங்கே முதலிற் கண்ணிற் படுபவை வீதிப் பெயர்ப்பலகைகள். இடிப்பு வேலையை மேற்பார்த்த ஒருவர் அவற்றை எறிந்துவிடாது பல்லாண்டு தம்மிடம் வைத்திருந்து பின்னர் அளித்தாராம். இடித்த கையே காத்த கையுமாயிற்று. மனித நெஞ்சின் இயல்பை யார் அறிவார்!

ஆயினும் என் உள்ளத்தைக் கவர்ந்தது வேறொன்று. நிலத்திலே அவ்வட்டாரத்தின் தேசப்படத்தைப் பெரிதாகத் தீட்டியுள்ளனர். முன்னாட் குடியினர் வந்து குனிந்து, தம் வீதியைத் தேடி, வீடிருந்த இடத்தில் தம் பெயரைத் தம் கையாலேயே எழுதுவர். அயலார் பெயரை அடுத்தவர் எழுதுவர். வருவோர் எழுதுவதற்கென நீண்ட துணியும் உண்டு. எழுதியவற்றைப் பின்னர் நூலால் தைத்து நிலைபெறச் செய்வர். வழிகாட்டிகளுட் பலர் அவ்வட்டாரத்திற் பிறந்து வளர்ந்தோர். ‘தொடாதீர்’ என்னும் பலகைக்குப் பழகிய நமக்கு இது வியப்பே. காண வந்தோர் எழுதினாலன்றிக் காட்சி நிறைவுறாது. ஒவ்வொரு நாளும் புதிதாகும் இல்லத்தை நூதனசாலை என்னாது வேறென்னென்பது?

இது வெறும் நினைவாராதனையுமன்று. இழந்த நிலத்தை மீளப்பெறும் வழக்குக்காக 1997இல் நிலவுரிமை நீதிமன்று இவ்வில்லத்திலேயே அமர்ந்தது. 2004 பெப்ரவரி 11ஆம் நாள், முதலில் மீண்ட முதியோர் இருவர்க்கு நெல்சன் மண்டேலா வீட்டுத் திறவுகோல்களை வழங்கினார். இருவர்க்கும் அகவை எண்பதுக்கு மேல். திறவுகோலுக்குக் காத்திருந்தே கண்மூடியோர் பலர்.

பெயர் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். 1970இல் அரசு ஆறாம் வட்டாரம் என்னும் பெயரையே நீக்கி, டச்சு மொழியிற் சூரியகாந்தி எனப் பொருள்படும் வேறொரு பெயரைச் சூட்டிற்று. 2019இலேதான் பழைய பெயர் முறைப்படி மீண்டது. அதற்கு முந்திய கால் நூற்றாண்டும் அத்தேவாலய வாயிலிற் பழைய பெயரே எழுதப்பட்டிருந்தது.