குடும்பச் சாப்பாட்டுச் செலவும் களஞ்சியச் சேதமும்

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள குருபரப்பள்ளியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் மானாவாரிச் செம்மண் நிலங்களும் மாந்தோப்புகளும் அதிகம். ஆடிப்பட்டத்தில் கேழ்வரகு விதைத்து, அதனூடே சால்விட்டு மொச்சையும் துவரையும் போடுவது இப்பக்கத்துக் குடியானவர்களின் பழைய வழக்கமாகும். ஒரே நிலத்திலிருந்து தானியமும் பருப்பும் வீடு வந்து சேருகின்றன. அப்படியிருந்தும், சித்திரை பிறந்ததும் அதே வீடுகளில் பல, கடையில் பருப்பையும் மாவையும் விலை கொடுத்து வாங்குகின்றன. இதன் காரணத்தை ஆராயுங்கால், அடுப்பங்கரையில் ஆகும் விரயத்தைப் போலவே களஞ்சியத்தில் ஆகும் சேதமும் கவனிக்கத் தக்கதென்பது விளங்கும்.

ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் பிரிவு 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, இந்திய வீடுகளில் ஆளொன்றுக்கு வருஷத்தில் 55 கிலோ உணவு வீணாவதாக மதிப்பிட்டிருக்கிறது. தோல், எலும்பு முதலிய தின்னத்தகாத பகுதிகளும் இதில் அடங்கும். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு இது 275 கிலோவாகிறது. ஆனால் மூட்டையிலிருக்கும்போதே வண்டு தின்றது இக்கணக்கில் சேரவில்லை. வீட்டுச் செலவு மிஞ்சினால் பெண்களைக் குறை கூறுவது பலருக்கு வழக்கமாயிருக்கிறது. மொச்சையை ஈரத்தோடு மூட்டை கட்டி மண்சுவரோரம் சாய்த்து வைத்தவர் யாரென்பதை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

பயறு வண்டின் தொல்லை வயலிலேயே தொடங்கிவிடுகிறது. பெண்வண்டு முற்றிய நெற்றின்மேல் முட்டையிட, பொரித்து வரும் புழு விதைக்குள் துளைத்துச் சென்று உள்ளிருந்தபடியே தின்கிறது. ஆகையால் களத்தில் பார்க்கும்போது பயறு பழுதற்றதாகவே தோன்றும். வெப்பமான நாட்களில் சுமார் ஒரு மாதத்தில் புழு வண்டாகி, வட்டமான துளையிட்டு வெளிவந்து, மறுபடியும் முட்டையிடும். தை மாதத்தில் மூட்டைக்குள் புகுந்த சில வண்டுகள் சித்திரைக்குள் இரண்டு மூன்று தலைமுறை பெருகிவிடுகின்றன. அதன்பின் மிஞ்சுவது மாவும் கூடுமே. கால்நடைகளும் அதை விரும்புவதில்லை.

இதற்கு மருந்து வெயில்தான். பயற்றை மெல்லிய பரப்பாகப் பரப்பி, பல்லால் கடித்தால் 'கடக்' என்று உடையும் வரையில் காயவைத்தல் வேண்டும். காய்ந்த சூட்டோடு மூட்டை கட்டினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்குமாதலால், நிழலில் ஆறவிட்டே கட்டவேண்டும். பழைய கோணிகளின் தையலில் வண்டு ஒளிந்திருக்கும். அவற்றைக் கொதிநீரில் முக்கிக் காயவைத்தபின் உபயோகிப்பது நலம். மூட்டைகளைப் பலகை அல்லது கழிகளின்மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குதல் வேண்டும்.

துவரையை முழுதாக வைத்திருப்பதைவிட, செம்மண் கட்டி, காயவைத்து, உடைத்துப் பருப்பாக்கி வைத்தல் உத்தமம். உடைத்த பருப்பில் இவ்வண்டு அவ்வளவாகப் பெருகுவதில்லை. பருப்புக்குக் கிலோ ஒன்றுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் தடவி வைப்பது நம் பாட்டிமார் கண்ட முறை. அதை இன்றும் கைவிட வேண்டியதில்லை. சிலர் அவசரத்தில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை வாங்கி வீட்டுக்குள் மூட்டைகளில் போட்டு வைக்கின்றனர். காற்றின் ஈரம் பட்டவுடன் அதிலிருந்து எழும் நச்சுவாயு அதே அறையிலோ அடுத்த அறையிலோ உறங்குபவரின் உயிரைப் போக்கிவிடும். குடியிருக்கும் வீட்டில் அதை எக்காலத்தும் வைக்கலாகாது.

கேழ்வரகின் குணம் வேறு. மணி சிறிதாயும் தோல் கடினமாயும் இருத்தலால், நன்றாய் உலர்ந்த கேழ்வரகைப் பூச்சி எளிதில் தாக்குவதில்லை. மைசூர்ச் சீமையில் அதைப் புதைகுழிகளில் இட்டுப் பல வருஷம் காத்து வந்தனர். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருஷப் பஞ்சத்தில், அக்காலத்தில் கிருஷ்ணகிரி சேர்ந்திருந்த சேலம் ஜில்லா பட்ட துன்பத்தை எண்ணினால், அவ்வாறு சேமித்துவைத்த தானியத்தின் அருமை புலப்படும். எங்கேனும் பழைய குழியைத் திறக்க நேர்ந்தால், உள்ளே கெட்ட காற்று தங்கியிருக்குமாதலின், நெடுநேரம் காற்றாட விட்டு, விளக்கை இறக்கி அது அணையாததைக் கண்ட பின்னரே ஆள் இறங்கவேண்டும்.

தானியமாக இருக்கும்வரை காக்கும் கேழ்வரகு, மாவானதும் வலிமை இழக்கிறது. மாவு வண்டு அதில் விரைவில் பற்றும். ஆதலால் பத்துப் பதினைந்து நாளைக்கு வேண்டிய அளவே அரைத்துக்கொள்வது சிக்கனம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணச்சத்து உண்டு. அரிசியில் இது மிகச் சொற்பம். கேழ்வரகில் குறைவாயுள்ள புரதச்சத்தை மொச்சைக் குழம்பு ஈடுசெய்கிறது.

ஐந்து பேருக்கு நாளொன்றுக்கு 1 கிலோ எனக் கொண்டால், அறுவடையிலிருந்து மறு அறுவடை வரையில் 365 கிலோ, அதாவது ஏறக்குறைய 4 குவிண்டால் வேண்டும். இதை முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தையே விற்கவேண்டும். கேழ்வரகுக்கு 2025-26 பருவத்தின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ. 4,886, கிலோவுக்கு ரூ. 49-க்குச் சற்றுக் குறைவு. கடையில் பொட்டலமாக வாங்கும் மாவின் விலையை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். கடன்காரர் நெருக்கடியால் களத்திலேயே எல்லாவற்றையும் கொடுத்துவிடுவோரும் உண்டு. அரசாங்கக் கொள்முதலில் விற்க விரும்புவோருக்குச் சிட்டா, அடங்கல் நகல்களைக் கிராம நிர்வாக அலுவலர்கள் அறுவடைக்கு முன்னதாகவே கொடுத்துதவினால், இவர்கள் வியாபாரி சொன்ன விலைக்கு இணங்கவேண்டியிராது.

சமையலிலும் புதிய நிலைமை ஒன்று ஏற்பட்டிருக்கிறது. வீட்டுப் பிள்ளைகள் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு முறைவேலையாகச் சென்று, ஒருவர் காலையிலும் ஒருவர் நள்ளிரவிலும் திரும்புகின்றனர். எல்லாருக்கும் ஒருசேர வடித்த சோறு ஆறிக்கிடந்து, வருபவர் வெளியே உண்டுவிட்டதனால் குப்பைக்குப் போகிறது. வேலைக்குப் போகுமுன், வந்து உண்பதுண்டா இல்லையா என்று சொல்லிச் செல்லும் வழக்கம் ஒன்றே பாதி விரயத்தை நிறுத்தும். மிஞ்சிய களியை நீரிலிட்டு வைத்து, காலையில் மோர்விட்டுக் கரைத்து வெங்காயத்தோடு உண்ணலாம். சோற்றை அன்றிரவே நீரூற்றி வைக்கவேண்டும். கோடையில் பகல் முழுதும் வெறுமனே கிடந்த சோறு வயிற்றைக் கெடுக்கும்.

கோடைக் காற்றில் தோப்புகளில் உதிரும் மாங்காய்களைப் பலர் மரத்தடியிலேயே அழுகவிடுகின்றனர். அடிபடாதவற்றைப் பொறுக்கி, கீற்றுகளாய் நறுக்கி, உப்பிட்டு நன்றாய்க் காயவைத்தால், வற்றல் மழைக்காலம் வரையில் கெடாது. மொச்சைக் குழம்பில் புளிக்குப் பதில் இரண்டு துண்டு போதும்.